தோட்டத்து மக்கள் நாட்டுக்காகத்தான் படையில் சேர்ந்தார்களா?

15 பிப்ரவரி 2025, சனி, இரவு 9.40 (ஒரு வாசகரின் கேள்வி)

இன்று முழுமைத் தற்காப்பு நாள். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததை நினைவூட்டுவதற்காக நேற்று என் மகளின் பள்ளியில் பிள்ளைகளுக்கு அவித்த கிழங்கு கொடுத்தார்களாம். அதையொட்டி, இந்தியாவின் விடுதலைக்காகப் பிரிட்டிஷாரை எதிர்த்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் நடத்திய இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் தாய்நாட்டு விடுதலைக்காக ஆயிரக்கணக்கில் திரண்டார்கள் என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது ஐயம் வருகிறது. ஜப்பான் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை, தோட்டத்தில் கூலியில்லை, அரிசியில்லை. போனவர்கள் பலர் மாண்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்கு வேறு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படையில் சேர்ந்தால் சோறும் சட்டையும் கிடைக்கும், ரயிலுக்குப் போக வேண்டியதில்லை. உயிர் பிழைக்கச் செய்ததற்கு விடுதலைப் போராட்டம் என்று நாம் பின்னால் பெயர் வைத்துக்கொண்டோம் என்றே நினைக்கிறேன். தோட்டத்தைத் தாண்டிப் போகாத பிள்ளைகளுக்கு டில்லி எங்கே தெரியும்? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு, காலை 7.15

மறுக்கிறேன். என் தாத்தா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர், பிறகு அந்தப் படையில் இருந்தவர். இதைப் படித்த பிறகு நேற்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கதையை 1942-இல் தொடங்குவதுதான் உங்கள் கேள்வியில் உள்ள பிழை. சோறு கொடுக்க ஜப்பானியர் வராத காலத்திலேயே தோட்டத்து மக்கள் எழுந்து நின்றிருக்கிறார்கள். 1941 மார்ச் தொடங்கி மே வரை சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அடுத்தடுத்து வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், ஆர்.எச். நாதன் என்ற பத்திரிகையாளரும் அதில் முன்னின்றார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடக்கும் துரைமாரையும், கிராணிமார் எனப்படும் தோட்ட எழுத்தர்களையும் தடுப்பது ஆகியவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. துரையோ கிராணியோ எதிரில் வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள்.

இந்தக் கோரிக்கையால் ஒரு காசு கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை, ஒரு கைப்பிடி அரிசி வரப்போவதில்லை. அப்படியிருந்தும் அதற்காகக் கூலியை இழந்து, லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் ஆபத்தையும் ஏற்று நின்றவர்களைப் பார்த்து, விடுதலை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

என் கண்ணால் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பின் தாத்தா குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்து, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1968, 69 வாக்கில், ஏழெட்டு வயதுப் பிள்ளையாக, அவருடைய சைக்கிளின் முன்குழாயில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து போயிருக்கிறேன். தளத்தின் வாசலை நெருங்கும்போது வெள்ளைக்கார அதிகாரியின் கார் வந்தால் தாத்தா இறங்கிவிடுவார். சைக்கிளைச் சற்றுச் சாய்த்து, என் இடுப்பை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, கார் போகும் வரை ஓரமாக நிற்பார். தோட்டம் அவர் உடலில் போட்ட வடு அது என்று நான் பின்னாளில் புரிந்துகொண்டேன். அந்த வடுவை எதிர்த்துத்தான் கிள்ளானில் நின்றார்கள்.

16 பிப்ரவரி 2025, இரவு 10.05

காலையில் வேகத்தில் எழுதியதில் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கக் கேட்டு வேலைநிறுத்தம் மேலும் பரவியது. மே நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இறக்கப்பட்டவர்கள் இந்தியப் படையினர். இந்தியத் தொழிலாளிக்கு எதிரே இந்தியச் சிப்பாயை நிறுத்தியதுதான் அன்றைய ஆட்சி. ஒன்பது மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, இங்கே ஃபேரர் பார்க் திடலில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேரை உட்காரவைத்து, இனி நீங்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு உரியவர்கள் அல்லர் என்று ஜப்பானியர் அறிவித்தார்கள். தோட்டத்து மக்களும் சிப்பாய்களும் ஒரே கொடியின் கீழ் வந்தது அதன் பிறகுதான்.

19 பிப்ரவரி 2025, புதன், இரவு 8.30

கூலியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்த் தொழிலாளருக்கு நியமக் கூலி என்று ஒன்று இருந்தது. 1920களின் பிற்பகுதியில் அது நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்ததும் அதை வெட்டினார்கள். வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நிலைமையைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி, பழைய 50 காசையும் 40 காசையும் மீட்டுக்கொடுக்க வேண்டும் என்று 1937-இல் பரிந்துரைத்தார். அதே ஆண்டு நேரு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். மறு ஆண்டு தோட்ட நிர்வாகங்கள் மீண்டும் கூலியைக் குறைக்க முற்பட்டபோது, 1938 ஜூனில், பயணச் செலவைப் பிறர் ஏற்கும் உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்த முறை அத்தோடு முடிந்தது. ஒப்பந்தத்தால் ஆளைக் கட்டிவைக்கும் சஞ்சிக் கூலி முறை அதற்கு வெகு முன்பே, 1910-இல், ஒழிக்கப்பட்டிருந்தது.

இந்தத் தடையின் விளைவை நான் நெடுங்காலம் கவனிக்காமல் இருந்தேன். ‘நீ போனால் போ, அடுத்த கப்பலில் நூறு பேர் வருவார்கள்’ என்று சொல்லி அடக்க இனி வழியில்லை. ஐரோப்பாவில் போர் மூண்டு ரப்பருக்குக் கிராக்கி ஏறிய நேரத்தில் புதிய ஆளும் வராமற்போனதால்தான், 1941-இல் தோட்டத்து மக்களின் கையில் முதன்முறையாகப் பேரம் பேசும் வலு இருந்தது. அந்த வலுவைக் காசுக்காக மட்டும் செலவிடாமல் சைக்கிளுக்காகவும் செலவிட்டார்கள் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நிறைகிறது.

அந்தப் பத்துக் காசு வேறுபாட்டையும் எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வரிசைக்கு, நின்று, கணவனுக்கு எத்தனை மரமோ ஏறத்தாழ அத்தனை மரத்தையும் வெட்டி, பால் வாளியைக் காண்டாக் கம்பில் தோளில் சுமந்து, ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பி உலை வைக்கும் பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு. பாட்டியின் வலது தோளில் காண்டாக் கம்பு பதிந்து தடித்துப்போன இடம் கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். சிறுவயதில் அதைத் தொட்டுப் பார்ப்பேன். வலிக்குமா என்று கேட்டால், “அது செத்த தோலு, ஒன்னுமில்ல” என்பார்.

23 பிப்ரவரி 2025, ஞாயிறு, மாலை 4.20

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். 1941 சரி, ஆனால் நான் கேட்டது 1943-ஐப் பற்றி, ரயில் பாதையைத் தொடாமலே போகிறீர்களே என்கிறார். அவர் சொல்வது நியாயம். தொடத் தயங்கினேன்.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். போர்க்கைதிகளோடு, மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு உண்டு என்று சொல்லித்தான் முதலில் அழைத்தார்கள். ஆள் போதாமற்போனபோது சடக்கில், அதாவது சாலையில், நடந்தவர்களையும் கள்ளுக்கடையில் இருந்தவர்களையும் லாரியில் ஏற்றினார்கள். 1943-இன் மழைக்காலத்தில் காலரா புகுந்த முகாம்களில், அத்தாப்பு ஓலைக் கொட்டகைகளில், மருத்துவரும் தலைவரும் இல்லாமல் கிடந்து மாண்டார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

என் சின்னத் தாத்தா, தாத்தாவின் தம்பி, அந்த லாரி ஒன்றில் ஏறியவர். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. திருமணமாகவில்லை என்பதால் வீட்டுக்கொரு ஆள் கணக்கில் அவர் பெயரைக் கொடுத்தார்களாம். கொடுத்தது யார் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குப் பாட்டி இரண்டு இலை போடுவார். ஒன்று தம் மாமனாருக்கு, மற்றொன்று யாருக்கென்று சொல்லாமலே போடுவார்.

தாத்தா படையில் சேர்ந்தது தம்பி போன பிறகு. எத்தனை மாதம் கழித்து என்று எனக்குத் தெளிவாகத் தெரியாத நிலையில், பயத்தால் சேர்ந்திருக்க மாட்டார் என்று நான் அடித்துப் பேச இயலாது. அந்தப் பகுதியில் உங்கள் ஐயம் நிற்கிறது.

24 பிப்ரவரி 2025, திங்கள், காலை 6.50

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ரயில் பாதையின் இரு முனைகளும் ஒன்றுசேர்ந்தது 1943 அக்டோபரில். நேதாஜி இங்கே கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தது 1943 அக்டோபர் 21. இரண்டும் ஒரே மாதம். பிறகு பர்மா போர்முனைக்குப் போன நம் படையினர் பலர், பெண்கள் உட்பட, அந்தப் பாதை வழியாகவே ரயிலில் போனார்கள். அண்ணன் தம்பிகள் செத்து விழுந்த மண்ணின் மேல், அவர்கள் போட்ட கட்டைகளின் மேல், டில்லிக்குப் போகிறோம் என்று பாடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ரயிலுக்கு ஆள் பிடிப்பதை, படைக்குப் பின்னால் நின்ற அமைப்பான இந்திய சுதந்திர லீக் தடுத்து நிறுத்தவில்லை. நான் மதிக்கும் இயக்கம் என்பதற்காக இதை விழுங்கிவிட முடியாது.

2 மார்ச் 2025, ஞாயிறு, மாலை 5.00

பெண்களைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலை 2. ஜூலை 4-இல் கேத்தேயில் லீக்கின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். ஜூலை 9 பாடாங் கூட்டத்தில் பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்று கேட்டார். மதராஸிலிருந்து வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அக்டோபர் 22-இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியது.

இன்று அந்தத் தெருவில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அருகருகே இருக்கின்றன. தாமரை மொட்டு விற்பவர்களுக்கு நடுவே கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க முடியும். சென்ற வாரம் அங்கே போனபோது, தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் முதன்முதலாகக் கால்சட்டை அணிந்து, காலில் பூட்ஸ் கட்டி, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து அணிவகுத்ததைக் கற்பனை செய்து பார்த்தேன். நாற்பது காசுப் பெண்கள் அவர்கள். காண்டாக் கம்பு தழும்பேறிய அதே தோளில் துப்பாக்கி.

அந்தப் படையில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், படித்தவர்கள். கோலாலம்பூரின் ஜானகி ஆதி நாகப்பன் போன்றவர்கள் பிற்காலத்தில் பேசினார்கள், எழுதினார்கள், பொது வாழ்வில் இருந்தார்கள். அவர்களுடைய துணிவில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. 1945-இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது இரவிரவாக நடந்து சயாமுக்கு வந்து சேர்ந்தவர்களில் அத்தகைய பெண்களும் உண்டு. ஆனால் அந்தப் படையில் பெரும்பகுதியினர் தோட்டத்துப் பெண்கள். கையெழுத்துப் போடத் தெரியாததால் அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. யாரும் போய்க் கேட்கவும் இல்லை. போர் முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு மறுபடியும் பெரட்டுக்குப் போய் நின்றார்கள். டில்லி எங்கே என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறோமே, அவர்கள் எங்கே போனார்கள் என்று நாம் தெரிந்துகொண்டோமா?

பாட்டி படைக்குப் போகவில்லை, கையில் குழந்தைகள். தோட்டத்துக்கு நிதி திரட்ட வந்தவர்களின் தட்டில் தம் மூக்குத்தியைக் கழற்றிப் போட்டவர். ஒற்றைச் சிவப்புக் கல் வைத்தது, கல்யாணத்துக்குப் போட்டது. அதற்குப் பிறகு அவர் மூக்குத்தி அணியவில்லை. மூக்கில் துளை தூர்ந்துபோய் ஒரு புள்ளியாக மட்டும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பயத்தாலும் பசியாலும் மட்டும் இயங்கிய மக்கள் என்றால், பசி மிகுந்த அந்த ஆண்டில் அரிசிக்கு மாற்றக்கூடிய ஒரே பொருளைத் தட்டில் போட்டது எதற்கு?

2 மார்ச் 2025, இரவு 11.30

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். பசியையும் விடுதலையையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நான் எடை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. கேள்வி கேட்டவரும் அதையேதான் செய்கிறார். சாப்பாட்டுக்காகச் சேர்ந்தான் என்றால் இழிவு, நாட்டுக்காகச் சேர்ந்தான் என்றால் உயர்வு என்று இருவருமே எடுத்துக்கொண்டு வாதிடுகிறோம். வயிறு நிறைந்தவர்கள் போடும் கணக்கு இது.

16 மார்ச் 2025, ஞாயிறு, காலை 9.10

நேற்று மாலை எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போயிருந்தேன். அங்கேதான் 1945 ஜூலை 8-இல் படையின் நினைவுச்சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள்படும் மூன்று உருதுச் சொற்களை அதில் பொறித்தார்கள். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். இப்போது அங்கே இருப்பது 1995-இல் சிங்கப்பூர் அரசு வைத்த அடையாளக் குறி.

அந்தச் சொற்களை நின்று யோசித்தேன். படையில் ஆணைகள் இந்துஸ்தானியில் இருந்தன. தலைவரின் உரைகளைத் தமிழில் பெயர்த்துச் சொன்னார்கள். தோட்டத்துத் தமிழர், தமக்குப் புரியாத மொழியில் பொறித்த சின்னத்துக்காக உயிரைக் கொடுக்க முன்வந்தார்கள். தாத்தாவுக்கு வாழ்நாளின் இறுதிவரை நினைவில் இருந்த இந்துஸ்தானிச் சொற்கள் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ இரண்டுதான். எங்களை வரிசையில் நிற்கவைத்து அந்தச் சொற்களைக் கூவுவார். நாங்கள் நிமிர்வோம், தளர்வோம்.

13 ஏப்ரல் 2025, ஞாயிறு, இரவு 9.50

என் முதல் குறிப்பில் ஒரு பெரும்பிழை இருக்கிறது. திருத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். ஈசூனில் உள்ள புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு, கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேரும். ஜொகூர் பாருவில் மகனோடு இருக்கும் என் பெரியத்தையும் வந்திருந்தார். வயது 91. தாத்தாவின் மூத்த மகள். பால்குடம் போய் முடிந்ததும், பந்தலின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“பெரியத்தை, தாத்தா ஏன் படைக்குப் போனாங்க?”

“சோறு போட்டாங்க, போனாரு. ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு அம்மாவுக்குப் பயம். அம்மாதான் போகச் சொன்னுச்சு.”

அவ்வளவுதானா என்று கேட்டேன். மோரைக் குடித்து முடிக்கும் வரை பேசாமல் இருந்தார். பிறகு, “திரும்பி வந்த பெறகு கங்காணி வீட்டு வாசல்ல நின்னு பேசமாட்டாரு. உள்ள போயி உக்காந்துதான் பேசுவாரு” என்றார்.

சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். தாத்தா சிங்கப்பூர் முகாமில் பயிற்சி பெற்றவர். பர்மாவுக்குப் போகும் முறை வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. தோட்டத்துக்குத் திரும்பினார். 1946-இல் பழைய துரையும் திரும்பி வந்தார். ஒருநாள் ஆலைக்குப் போகும் மண் சடக்கில் துரை எதிரில் வர, தாத்தா இறங்கவில்லை. “மணி அடிக்கல, திரும்பிப் பாக்கல, ஒரு பேச்சும் பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே மிதிச்சிட்டுப் போயிட்டாரு. நான் பின்னால கேரியர்ல உக்காந்திருந்தேன். அவரு முதுகு நடுங்குனுச்சு.”

மறுவாரம் பெரட்டில் கிராணி பெயர்களைப் படித்தபோது தாத்தாவின் பெயரைப் படிக்கவில்லை. மறுநாளும் படிக்கவில்லை. திட்டவில்லை, போகச் சொல்லவில்லை. பெயரைக் கூப்பிடவில்லை, அவ்வளவே. மூன்றாம் நாள் தகரப் பெட்டி ஒன்று, பாய் இரண்டு, கோழி இரண்டு ஆகியவற்றோடு குடும்பம் லயத்தை விட்டு இறங்கியது. எங்கள் குடும்பம் சிங்கப்பூருக்கு வந்த கதை இதுதான். வேலை தேடி வந்தோம் என்றுதான் இதுவரை எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

பாட்டி இதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள், வீட்டில் அரிசி குறையும்போதெல்லாம், “உன் சைக்கிளுக்கு நாலு உசுரு தெருவுல நின்னுச்சு” என்று சொல்லிக் காட்டியிருக்கிறார். மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்ததும் அவர்தான், இப்படிச் சொன்னதும் அவர்தான்.

நான் வடு என்று எழுதினேனே, செம்பவாங்கில் தாத்தா இறங்கி நின்றது, அதையும் அத்தையிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அது கேட்டு வாசல்டா. பாஸ் காட்டணும். சீனரு, மலாய்க்காரரு, நம்மாளு எல்லாரும் இறங்கித்தான் ஆகணும். உன்னைக் கையில புடிச்சது நீ விழுந்துருவேன்னு.” காருக்காக நிற்கவில்லை, வாயிலில் வரிசை நின்றது, கார் அதே வாயில் வழியாகப் போனது. அவர் எழுந்து நின்றதை அறியாமல், அவரைக் குனிந்தவர் என்று ஐம்பத்தைந்து ஆண்டுகளாக என் மனத்தில் வைத்திருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் இப்போது விளங்குகிறது. ஒரு கப்பல் பட்டறை அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தபோது ஊரார் ‘பேரன் கிராணி ஆயிட்டான்’ என்றார்கள். தாத்தா அந்தச் சொல்லை ஒருபோதும் வாயில் எடுத்ததில்லை. “ஆபீசுல எழுதுறான்” என்பார். பெயரைப் படிக்காமல் விட்ட வாயை அவர் மறந்திருக்கவில்லை.

14 ஏப்ரல் 2025, திங்கள், மாலை 6.15

புத்தாண்டு வாழ்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. கேள்வி கேட்டவர், “அப்படியானால் நான் சொன்னதும் சரி, நீங்கள் சொன்னதும் சரி” என்று எழுதியிருக்கிறார். அதை நான் ஏற்கவில்லை. சேர்ந்த காரணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி; பாட்டியே அனுப்பினார். நாம் பின்னால் பெயர் வைத்தோம் என்றீர்களே, அது சரியில்லை. 1946-இல் அந்த மண் சடக்கில் அவர் மிதித்துக்கொண்டு போனபோது சோறு போடப் படை இல்லை, நேதாஜி இல்லை, பார்க்க ஊர் இல்லை. கேரியரில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் மட்டும் இருந்தாள்.

4 மே 2025, ஞாயிறு, காலை 10.30

தேர்தல் முடிவுகளைப் பார்த்துவிட்டுப் பின்னிரவில்தான் படுத்தோம்; இன்று எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். இருந்தாலும் இன்றைய தேதிக்காக இந்த இழைக்கு வருகிறேன். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள். தஞ்சை மண்ணில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்து வளர்ந்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். 1948-இல் அவசரகாலம் அறிவித்த அரசு சம்மேளனத்தை ஒடுக்கியது. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டுக்கு மரண தண்டனை. இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. அதற்கு முந்தைய நாள், அவருக்கு அடுத்துப் பொறுப்பேற்ற பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்போது இந்தியா விடுதலை பெற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்தில் அதே துரை, அதே பெரட்டு. கெடாவில், படையிலிருந்து திரும்பியவர்கள் பலர் இருந்த தொண்டர் படை, ஹார்வர்டு தோட்டத்து லாரி ஓட்டுநர் ஏ.எம். சாமியின் தலைமையில், சீருடை அணிந்து அணிவகுத்துப் போய்க் கள்ளுக்கடைகளை மறித்தது. 1947 தொடக்கத்தில் பீடோங் பக்கம் காவல்துறையோடு மோதல் ஏற்பட்டு உயிர்கள் போயின. கிள்ளானில் 1941-இல் கேட்ட கள்ளுக்கடை மூடலை ஆறு ஆண்டு கழித்து, முகாமில் கற்ற நடையோடு, மறுபடியும் கேட்டார்கள். டில்லியை நோக்கிக் கிளம்பியவர்கள் வந்து சேர்ந்தது பீடோங் கள்ளுக்கடை வாசலுக்கு. அவர்களுக்கு அதுவும் அதே போராட்டத்தின் தொடர்ச்சியாகவே இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

4 மே 2025, பிற்பகல் 2.00

விசாக விடுமுறையில் ஜொகூர் பாருவுக்குப் போகிறேன். பெரியத்தையிடம் சின்னத் தாத்தாவைப் பற்றிக் கேட்க வேண்டும்: வீட்டுக்கொரு ஆள் கணக்கில் அவர் பெயரைக் கொடுத்தது யார், எந்த மாதம், லாரி எங்கிருந்து கிளம்பியது. பதில் சொல்வாரா என்று தெரியாது. தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் பேசக்கூடியவர்களாக இருந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள், முடிந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அத்தை சொல்வதை எழுதிக்கொண்டு வந்து இங்கே இடுகிறேன்.